முந்தி வந்த பனியும் அளந்து பார்த்த மக்களும்

தமிழில் பனி என்னும் ஒரு சொல் பல பொருள்களுக்கு இடங்கொடுக்கிறது. மார்கழி விடியற்காலையில் புல்லின் நுனியில் முத்துப் போல் நிற்பதும் பனி; எதிரே வருபவர் முகம் தெரியாதபடி புகை போல் படர்வதும் பனி; உதகமண்டலத்தில் தை மாதத்துப் புல்வெளியை வெளுக்கச் செய்வதும் பனி. ஆனால் வானத்திலிருந்து பஞ்சுப் பிசிறு போல் இறங்கி, கூரைமீதும் தெருவிலும் முழங்கால் அளவு குவிந்து கிடக்கும் பனியைத் தமிழ்நாட்டில் நாம் காண்பதில்லை. அதனை வெண்பனி என்று இந்தப் பேச்சில் குறிப்பிடுவோம்.

வெண்பனி பெய்யும் நாடுகளில் அதனைத் திட்டுகிறவர்கள் உண்டு, ரசிக்கிறவர்கள் உண்டு, அதிலே சறுக்கி விளையாடுகிறவர்களும் உண்டு. இவர்களைத் தவிர மற்றொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். பொழுது விடியுமுன் எழுந்து, கம்பளிச் சட்டை அணிந்து, கையில் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வீட்டுக் கொல்லைக்குச் சென்று, இரவில் எத்தனை அங்குலம் விழுந்தது என்று அளந்து குறித்து வைப்பவர்கள் அவர்கள். பள்ளி ஆசிரியர், உழவர், ஓய்வு பெற்றவர், மாணவர் என்று பல திறத்தார் அவர்களுள் அடங்குவர். இந்த வேலைக்காக அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வானிலையில் கொண்ட ஆர்வம் ஒன்றே அவர்களைக் குளிரில் வெளியே இழுத்து வருகிறது. இந்த ஆர்வத்தினால் நாட்டுக்கு என்ன பயன் என்பதைப் பருவத்திற்கு முந்தி வந்த ஒரு பனிப்புயலை வைத்து நாம் ஆராய்ந்து பார்க்கலாம்.

2011ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி சனிக்கிழமை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில் அப்பொழுது இலையுதிர் காலம். இலையுதிர் காலம் என்று பெயரே ஒழிய, மேப்பிள், ஓக் முதலிய மரங்களில் இலைகள் இன்னும் முழுவதும் உதிர்ந்துவிடவில்லை. மஞ்சளும் சிவப்புமாக அவை கிளைகளில் நிறைந்திருந்தன. இரண்டு நாட்களில், அக்டோபர் 31ஆம் தேதியன்று, குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் விழா வரவிருந்தது. வெண்பனியைப் பற்றி நினைப்பதற்கு யாருக்கும் காலம் வரவில்லை.

அந்த நேரத்தில் கனடா நாட்டுப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று தெற்கே இறங்கி நின்றது. அட்லாண்டிக் கடலோ கோடையில் தான் சேர்த்து வைத்த வெப்பத்தை இன்னும் இழக்கவில்லை. தரையின் குளிரும் கடலின் வெப்பமும் அடுத்தடுத்து நின்ற கரையோரத்தில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெற்று வடகிழக்காக நகர்ந்தது. கடலின் ஈரம் அதற்கு உணவாயிற்று. மேலே மேகத்தில் வெண்பனியாகப் பிறந்தது, கீழே சில இடங்களில் மழையாகவும், பல இடங்களில் வெண்பனியாகவும் வந்து விழுந்தது.

விழுந்த அளவுகளைக் கேட்டால் நமக்கு வியப்பு உண்டாகும். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் பெர்க்ஷயர் மலைப்பகுதியில், தென்னமெரிக்க நாடொன்றின் பெயரைத் தாங்கிப் பெரு என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே 32 அங்குலம் விழுந்தது. நியூஹாம்ப்ஷயர் மாநிலத்து ஜாஃப்ரியில் 31.4 அங்குலம். கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக்கு அருகிலுள்ள பிராட்லி விமான நிலையத்தில் 12.3 அங்குலம். நியூயார்க் நகரத்தின் நடுவிலுள்ள சென்ட்ரல் பார்க் என்னும் பூங்காவில் 2.9 அங்குலம். இந்தக் கடைசி எண்ணைச் சிறிது என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. அந்தப் பூங்காவில் 1869 முதல் வானிலைக் கணக்கு வைக்கப்பட்டு வருகிறது. அத்தனை ஆண்டுகளில் அக்டோபர் மாதத்தில் ஓர் அங்குலம் வெண்பனிகூட அங்கே அதற்கு முன் விழுந்ததில்லை. அமெரிக்க மக்கள் அந்த மாதத்தின் பெயரோடு பனியின் பெயரை ஒட்டவைத்து 'ஸ்னோடோபர்' என்று இந்தப் புயலுக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள்.

பட்டம் வேடிக்கையாக இருந்தது. விளைவு வேடிக்கையாக இல்லை. 30 லட்சத்திற்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரத்தை இழந்தன. கனெக்டிகட் மாநிலத்தில் மட்டும் எட்டு லட்சத்திற்கு மேற்பட்ட இணைப்புகள் அறுபட்டன. சில ஊர்களில் ஒரு வாரத்திற்கு மேல் விளக்கு எரியவில்லை. குளிர் தாங்காமல் வீட்டுக்குள்ளேயே கரி அடுப்பையும் மின்சாரம் உண்டாக்கும் எஞ்சினையும் வைத்துக்கொண்ட சிலர், அவற்றிலிருந்து எழுந்த நச்சுப் புகையால் உயிரிழந்தனர். பல ஊர்களில் குழந்தைகளின் விழாவை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஜனவரி மாதத்தில் இதைவிட அதிகமான வெண்பனி அந்த வட்டாரத்தில் விழுவதுண்டு. அப்பொழுது விளையாத கேடு அக்டோபரில் ஏன் விளைந்தது? இதற்கு விடை மரத்தின் இலையில் இருக்கிறது. ஜனவரியில் மரங்கள் மொட்டையாக நிற்கும். விழுகின்ற பனி கிளைகளின் இடையே நழுவித் தரைக்குப் போய்விடும். இலை நிறைந்த மரமோ விரித்த குடையைப் போன்றது. விழுவதை எல்லாம் தாங்கிக்கொள்ளும். அன்றியும், பருவத்தின் தொடக்கத்தில் விழும் வெண்பனி ஈரம் மிகுந்தது. நடுக் குளிர்காலத்துப் பனி உமியைப் போல் உதிரியாக இருக்கும். இதுவோ நனைந்த பஞ்சைப் போல் ஒட்டிக்கொள்ளும்.

இதன் பாரத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர அடிப் பரப்பின்மேல் ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நின்றால் அதன் எடை ஏறத்தாழ 5.2 ராத்தல், அதாவது இரண்டரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. பொதுவாக 10 அங்குல வெண்பனியை உருக்கினால் ஓர் அங்குல நீர் கிடைக்கும் என்பது கைக்கணக்கு. ஈரப் பனியாக இருந்தால் 6, 7 அங்குலத்திலேயே அவ்வளவு நீரும் அடங்கிவிடும். நூற்றுக்கணக்கான சதுர அடி விரிந்த ஒரு மரத்தின் தலையில் இத்தகைய பாரம் ஏறினால் என்ன ஆகும்? கிளைகள் முறிந்தன, பல மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவை மின்கம்பிகளின்மேல் விழுந்தன.

ஆகவே இத்தகைய புயலில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்ற வேறுபாடு சிறு விஷயமன்று. இந்த ஊரில் விழுவது மழையா, வெண்பனியா? அடுத்த மலைச்சரிவில் எவ்வளவு? எந்த மணியில் மழை பனியாக மாறியது? எச்சரிக்கை விடுகிறவருக்கும், பாதையைத் திறந்து வைக்க வேண்டியவருக்கும், அறுந்த கம்பியைச் சரி செய்யப் போகிறவருக்கும் இக்கேள்விகளுக்கு உடனே விடை வேண்டும். விடையை யார் கூறுவது?

விமான நிலையங்களில் வானிலைக் கருவிகள் உண்டு. ஆனால் விமான நிலையங்கள் ஒன்றுக்கொன்று பல மைல் தொலைவில், பெரும்பாலும் சமவெளியில் இருப்பவை. ராடார் கருவி வானத்தில் நீர்த்துளியும் பனித்துகளும் நிறைந்திருப்பதைக் காட்டும். தரையில் எத்தனை அங்குலம் குவிந்தது என்று திட்டமாகச் சொல்லாது. செயற்கைக்கோள் மேகத்தின் முதுகைப் பார்க்கிறது. மேகம் கலைந்த பின் எவ்வளவு தூரம் வெளுத்திருக்கிறது என்பதையும் காட்டும். ஆனால் ஒரு வீட்டுக் கொல்லையில் பனி கணுக்கால் அளவா, முழங்கால் அளவா என்பதைக் கொல்லைக்குச் சென்று பார்ப்பவரே கூற முடியும். அவ்வாறு சென்று பார்ப்பவர்களே நாம் முதலில் கூறிய ஆர்வலர்கள்.

அமெரிக்க நாட்டில் இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததன்று. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளரான ஜோசப் ஹென்றி என்னும் விஞ்ஞானி, 1849இல் ஏறத்தாழ 150 தொண்டர்களைக் கொண்டு நாடெங்கும் வானிலைக் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார். 1890இல் இயற்றிய சட்டத்தின் வழியாகத் தொண்டர்கள் அளந்து தரும் முறைக்கு அரசாங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. இன்றும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் வெப்பநிலையையும் மழையையும் வெண்பனியையும் குறித்து அந்நாட்டு வானிலைத் துறைக்கு அனுப்பி வருகிறார்கள். ஒரே குடும்பத்தில் தந்தைக்குப் பின் மகன் என்று இப்பணியைத் தொடர்ந்து செய்து வந்தவர்களும் உண்டு.

இதனோடு சேர்ந்து மற்றொரு கூட்டமும் 1998இல் தோன்றியது. அது தோன்றிய காரணம் நம் கவனத்திற்கு உரியது. 1997 ஜூலை 28ஆம் தேதி கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்னும் நகரத்தில் பெருமழை பெய்தது. நகரத்தின் மேற்கு ஓரத்தில் 14 அங்குலத்திற்கு மேல் கொட்டியது. சில மைல் தள்றிக் கிழக்கே 2 அங்குலம் அளவே பெய்தது. வெள்ளத்தில் ஐந்து பேர் மாண்டனர். எந்த இடத்தில் எவ்வளவு பெய்கிறது என்பது உரிய நேரத்தில் எவருக்கும் தெரியவில்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோலன் டோஸ்கன் என்னும் வானிலை அறிஞர் இதைக் கண்டு, அடுத்த ஆண்டிலே பொதுமக்களைக் கொண்டு மழை, ஆலங்கட்டி, வெண்பனி மூன்றையும் அளக்கும் ஒரு கூட்டுக் குழுவைத் தொடங்கி வைத்தார். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனைக் 'கோகோராஸ்' என்று அழைக்கின்றனர். ஒரு நகரத்தில் பிறந்த அந்தக் குழு, அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களுக்கும், பிறகு கனடாவிற்கும் பரவியது. இன்று அதில் 20,000 பேருக்கு மேல் அளந்து எழுதுகிறார்கள்.

இவர்கள் கையாளும் கருவிகள் விலை உயர்ந்தவை அல்ல. 4 அங்குல விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் மழைமானி. அங்குலத்தைப் பத்தாகப் பிரித்துக் காட்டும் ஓர் அளவுகோல். வெள்ளை வர்ணம் பூசிய ஒரு சதுரப் பலகை. இவ்வளவே. பலகைக்கு வெள்ளை வர்ணம் ஏன்? கறுப்பாக இருந்தால் வெயிலின் சூட்டை உறிஞ்சி விழுந்த பனியை உருக்கிவிடும். பலகைதான் எதற்கு, புல்தரையிலேயே அளக்கலாகாதா என்று நாம் கேட்கலாம். புல்லின் நுனியில் பனி தங்கினால் அடியில் வெற்றிடம் இருக்கும். அளவு கூடுதலாகக் காட்டும். அக்டோபர் மாதத்துத் தரையோ கோடையின் சூட்டை இன்னும் வைத்திருக்கும். முதலில் விழுந்ததை எல்லாம் அடியிலேயே உருக்கிவிடும். அளவு குறைந்து காட்டும். பலகை இவ்விரு பொய்களையும் தடுக்கிறது. பருவம் முந்தி வரும் புயலில் பலகையின் தேவை இருமடங்காகும். பனி மூடிவிட்டால் பலகை இருக்குமிடம் தெரியாது. ஆதலால் புயலுக்கு முந்திய நாளே அதன் அருகில் ஒரு கொடியை நட்டு வைக்கிறார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சுவரோரத்தில் காற்று பனியை வாரிக் குவிக்கும்; திறந்த மேட்டில் காற்று பனியைத் துடைத்துவிடும். இரண்டும் உண்மையான அளவாகா. பல இடங்களில் அளந்து சராசரி காண வேண்டும். அளந்தபின் மழைமானியில் சேர்ந்த பனியை வீட்டிற்குள் கொண்டுவந்து, வெதுவெதுப்பான நீரை அளந்து ஊற்றி உருக்கி, ஊற்றியதைக் கழித்து, எவ்வளவு நீர் என்று காண வேண்டும். உயரத்தை அளவுகோல் கூறும். பாரத்தை இந்த நீர் கூறும். கிளை முறியுமா, கூரை தாங்குமா, பனி உருகும்பொழுது ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும் என்பன எல்லாம் இந்த இரண்டாவது எண்ணைப் பொறுத்தவை.

இக்கருவிகளுள் எதுவும் மின்சாரத்தை நம்பி இல்லை என்பதையும் நாம் குறிப்பிட வேண்டும். 30 லட்சம் இணைப்புகள் அறுந்துபோன அந்த நாளிலும் மரப்பலகையும் அளவுகோலும் தம் கடமையைச் செய்யக்கூடியவையாகவே இருந்தன.

புயல் வரும் இரவில் ஆர்வலர்களின் மனநிலை எத்தகையது? மழை பனியாக மாறும் நேரத்திற்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். வெப்பமானி 40 பாரன்ஹீட் காட்டும். மழை தூறத் தொடங்கும். அனுபவம் இல்லாதவர், இத்தனை வெப்பத்தில் வெண்பனி எங்கே வரும் என்று படுத்துவிடுவார். அனுபவம் உள்ளவர் காற்றின் ஈரத்தையும் பார்ப்பார். காற்று உலர்ந்திருந்தால், விழும் துளிகளில் ஒரு பகுதி ஆவியாகும். ஆவியாகும்பொழுது காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கோடையில் நம் வீட்டு மண்பானை நீரைக் குளிர வைப்பது எந்த விதியோ அதே விதிதான் இது. மேலும், மேலிருந்து இறங்கும் பனித்துகள் வழியில் உருகும்பொழுதும் சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. பெய்வது வலுத்தால் இந்தக் குளிர்ச்சியும் வலுத்து, சிறிது நேரத்தில் வெப்பமானி 33க்கு இறங்கிவிடும். அப்பொழுது விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், நேராக விழுந்துகொண்டிருந்த துளிகளுக்கு இடையே ஒன்றிரண்டு மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்குவது தெரியும். அதுவே வெண்பனி. உடனே மணியைக் குறித்துக்கொள்கிறார்.

அவர் ஒருவர் குறித்த மணி ஒரு செய்தி. பத்து மைல் தள்ளி மற்றொருவர் குறித்த மணியும், ஆயிரம் அடி உயரத்தில் வேறொருவர் குறித்த மணியும் சேர்ந்தால் ஒரு படம். மழை முடிந்து பனி தொடங்கும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்பது வானிலை நிலையத்திலுள்ளவருக்கு அந்தப் படத்திலிருந்து விளங்குகிறது. கோடு நகரும் திசையிலுள்ள ஊர்களுக்கு எச்சரிக்கை போகிறது. புயல் ஓய்ந்த பின்னும் அந்த எண்களுக்கு வேலை உண்டு. பனியை அகற்றிய செலவுக்கு நிவாரணப் பணம் வழங்குவதற்கு முன், ஒரு மாவட்டத்தில் விழுந்த வெண்பனி முந்திய உச்ச அளவை எட்டியதா, அதை நெருங்கியதா என்று பார்ப்பது அந்நாட்டு வழக்கம். ஒரு கொல்லையில் எழுதிய எண், ஓர் ஊரின் கருவூலம் வரையில் செல்கிறது.

எண்ணுக்கு இத்தகைய அதிகாரம் ஏற்படும்பொழுது, அதனை எழுதுகிறவரின் பொறுப்பும் பெரிதாகிறது. ஆர்வம் உள்ள இடத்தில் ஆசையும் இருக்கும். நம் ஊரில்தான் அதிகம் விழுந்தது என்று சொல்லிக்கொள்ளும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆகவே அளப்பதற்கு விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றுள் முக்கியமான ஒன்று: பலகையை ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல், அதாவது ஆறு மணிக்கு ஒரு முறைக்கு மேல், துடைத்து அளந்து கூட்டுதல் ஆகாது. புதிதாக விழுந்த வெண்பனி தன் பாரத்தால் தானே அமுங்கும். மணிக்கு ஒரு முறை துடைத்து அளந்தால் அமுங்குவதற்கு நேரம் இராது. கூட்டிப் பார்த்தால் எண் பெருத்துவிடும். விழுந்த பனி ஒன்றே. அளந்த விதத்தால் அது கூடுகிறது.

இந்த விதி எவ்வளவு உறுதியாகக் காக்கப்படுகிறது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1997 ஜனவரி 11, 12 தேதிகளில் நியூயார்க் மாநிலத்தில் மாண்டேகு என்னும் சிற்றூரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் வெண்பனி விழுந்ததாகச் செய்தி வந்தது. அதற்கு முன் அந்நாட்டு உச்சம், 1921 ஏப்ரலில் கொலராடோவின் சில்வர் லேக் என்னுமிடத்தில் விழுந்த ஏறத்தாழ 76 அங்குலம். புதிய உச்சம் என்று ஊரார் மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம். அறிஞர் குழு ஒன்று கூடி ஆராய்ந்தது. அந்த 24 மணி நேரத்தில் ஆறு முறை அளந்து கூட்டியிருப்பது தெரியவந்தது. ஆகவே 77 அங்குலத்தைத் தேசிய உச்சமாக ஏற்பதற்கில்லை என்று குழு முடிவு கூறியது. அளந்தவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பனி பெய்ததையும் மறுக்கவில்லை. ஆனால் 1921இல் ஒரு முறையிலும் 1997இல் வேறு முறையிலும் அளந்தவற்றை ஒரே தராசில் வைக்க முடியாது. நூறு ஆண்டுக்குப் பின் வருகிறவர் இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், இன்று அளப்பவர் எல்லாரும் ஒரே முறையில் அளக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் நாம் அறிய வேண்டியது. அளவு ஒன்றுமில்லை என்றாலும் அதனை எழுத வேண்டும் என்று கோகோராஸ் குழுவினர் தம் தொண்டர்களுக்கு ஓயாமல் நினைவூட்டுகிறார்கள். புயல் வரும் என்று எதிர்பார்த்து இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் வெறும் பலகையைக் கண்டவருக்குப் பூஜ்யம் என்று எழுத மனம் வராது. ஆனால் எழுதாமல் விட்ட இடத்தில் பனி விழவில்லையா, அளக்க ஆள் இல்லையா என்று பிறர் எவ்வாறு அறிவது? பூஜ்யங்களே புயலின் எல்லையைக் காட்டுகின்றன. அவை இல்லாத படம் கரையில்லாத ஏரியைப் போன்றது.

முந்தி வரும் பனியின் கொடுமை மரங்களோடு நிற்பதன்று. 2013 அக்டோபர் தொடக்கத்தில் தென் டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு பனிப்புயல் வீசியது. பிளாக் ஹில்ஸ் மலையிலுள்ள லீட் என்னும் ஊரில் 55 அங்குலம் விழுந்தது. மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்திலே இருந்தன. குளிர்காலத்து அடர்ந்த உரோமம் அவற்றுக்கு முளைத்திருக்கவில்லை. முதலில் பெய்த மழை தோல் வரை நனைத்தது. பின் வந்த காற்றும் பனியும் கொன்றன. பல்லாயிரக்கணக்கான கால்நடைகள் மடிந்தன. மேப்பிள் மரத்தின் இலைக்கும் மாட்டின் உரோமத்திற்கும் உண்மை ஒன்றே: இயற்கை தன்னைத் தயார் செய்துகொள்ளுமுன் வரும் குளிர், அளவிற் சிறிதானாலும் அழிவிற் பெரிது.

இதே உண்மையை நம் நாட்டிலும் காணலாம். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் 2018ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே வெண்பனி விழுந்தது. ஆப்பிள் மரங்கள் இலையோடு நின்றன. பழம் பறித்து முடியாத தோட்டங்களும் இருந்தன. கிளைகள் பிளந்தன, மரங்கள் அடியோடு சாய்ந்தன. ஒரு பருவத்துப் பழம் போனால் அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம். மரமே போனால், புதிதாக நட்டது காய்ப்பதற்கு ஆண்டுகள் பல ஆகும். அங்கே தோட்டக்காரருக்கு முதல் நாள் மாலையில் கிடைக்கும் ஒரு சொல், மேலே உள்ள ஊரில் பனி தொடங்கிவிட்டது என்னும் ஒரு சொல், கழியால் கிளைகளைத் தட்டிப் பாரத்தைக் குறைப்பதற்கு அவரை விழித்திருக்கச் செய்யும்.

வெண்பனியை அளப்பது தென்னாட்டாருக்குத் தொடர்பில்லாதது என்றும் எண்ண வேண்டாம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லி வந்த, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்குச் சற்று முன், 1875இல், இந்திய வானிலைத் துறை தோன்றியிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. மழை பொய்க்குமா என்பதை முன்னரே அறிய வழியுண்டா என்று பஞ்சத்திற்குப் பின் அவரை அரசாங்கம் கேட்டது. இமயமலையில் குளிர்காலத்தின் இறுதியிலும் வேனிலின் தொடக்கத்திலும் வெண்பனி மிகுதியாக விழுந்த ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை தளர்கிறது என்று அவர் கண்டு, 1884இல் அதனை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். 1886 ஜூன் 4ஆம் தேதி பருவமழையைப் பற்றிய முதல் முறையான முன்னறிவிப்பு வெளிவந்தது. மலையில் விழுந்த பனியைப் பற்றிய செய்திகள் அதற்கு ஓர் அடிப்படை.

அந்தத் தொடர்பு பிளான்ஃபோர்டு எண்ணிய அளவுக்கு எளிதானதன்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. சில காலங்களில் அது வலுத்தும், சில காலங்களில் மெலிந்தும் காணப்பட்டது. கடலின் வெப்பம் முதலிய வேறு பல காரணங்களையும் இன்று சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். எனினும் அந்த முதல் வினாவை எழுப்புவதற்கே பனியின் அளவைக் குறித்துவைத்த கைகள் தேவையாக இருந்தன. குடகு மலையில் பெய்து காவிரியை நிரப்பும் மழைக்கும், இமயத்தின் சரிவில் எவரோ ஒருவர் எழுதிய குறிப்புக்கும் இடையே ஒரு நூல் உண்டு என்று நினைக்கும்பொழுது, அந்தக் குறிப்பை எழுதியவரிடம் நமக்கு ஒரு மரியாதை உண்டாகிறது.

இன்று கணிப்பொறியும் செயற்கைக்கோளும் வானிலை அறிவை வெகு தூரம் கொண்டுசென்றிருக்கின்றன. 2011ஆம் ஆண்டுப் புயல் வருவதையும் வானிலைத் துறையினர் முன்கூட்டியே அறிவித்திருந்தனர். ஆனால் முன்னறிவிப்பு சரியாக இருந்ததா என்பதை இறுதியில் எதைக் கொண்டு தீர்மானிப்பது? தரையில் அளந்த எண்ணைக் கொண்டுதான். கணிப்பொறியின் கணக்கு அடுத்த முறை திருந்த வேண்டுமானாலும் அந்த எண்ணே வேண்டும்.

நம் ஊரில் வெண்பனி பெய்வதில்லை, மழை பெய்கிறது. ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்திலோ, வீட்டு மாடியிலோ, மரநிழலும் சுவரும் மறைக்காத இடத்தில் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரலாம். எட்டரை மணி என்பது நம் நாட்டு வானிலைத் துறையினர் மழைக்கணக்கு எடுக்கும் நேரம்; அதே நேரத்தில் எழுதினால் நம் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிட முடியும். மழை பெய்த நாளில் பெய்த அளவை எழுதுவோம். பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுதுவோம். ஓராண்டு சென்றால் அது ஒரு பொழுதுபோக்கு. பத்தாண்டு சென்றால் ஓர் ஊரின் வரலாறு. முப்பதாண்டு சென்றால், நம் ஊரில் மழை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று வாதிடுவோருக்கு நடுவே வைக்கத்தக்க சான்று.